ஹோட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்': கட்டித்தான் ஆகணுமா? சட்டம் சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மகளுக்குப் பிறந்தநாள் என்று நாலு பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஃபேமிலி ரெஸ்டாரன்ட்டுக்குப் போகிறது. சாப்பிட்டு முடித்ததும் சோம்பு, கல்கண்டோடு பில் வருகிறது. சாப்பாட்டுக்கு 2,000 ரூபாய். அதற்குக் கீழே 'எஸ்.சி. 10%' என்று 200 ரூபாய். அதற்கும் கீழே ஜிஎஸ்டி.

"இது என்னப்பா 200 ரூபாய்?" என்று அப்பா கேட்க, "டாக்ஸ் சார்" என்று பதில் வருகிறது. பக்கத்து டேபிள் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா, "விடுங்க, நல்ல நாளும் அதுவுமா" என்கிறார். அப்பா கார்டை நீட்டிவிடுகிறார்.

பலருக்கும் பழக்கமான காட்சிதான். ஆனால் அந்த 200 ரூபாய் வரியே கிடையாது. 'வேண்டாம், எடுத்துடுங்க' என்று சொல்ல வாடிக்கையாளருக்கு முழு உரிமை இருக்கிறது. எப்படி? பார்க்கலாம்.

சர்வீஸ் சார்ஜ் வரியா?

இல்லை. 2017 ஜூலை 1-க்கு முன்பு 'சர்வீஸ் டாக்ஸ்' என்று ஒன்று இருந்தது. அது அரசுக்குப் போன வரி. ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. ஆனால் பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம் மட்டும் இன்னும் போகவில்லை. 'சர்வீஸ் சார்ஜ்' என்பது உணவகம் தானே முடிவு செய்து, தானே வசூலித்து, தானே வைத்துக்கொள்ளும் தொகை. அரசுக்குப் போகாது.

2022-ல் வந்த விதிகள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. சுருக்கமாக:

1. சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது.
2. வேறு பெயர் வைத்தும் வசூலிக்கக் கூடாது.
3. கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. இது விருப்பப்பட்டால் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.
4. கட்ட மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் தடுக்கவோ, சேவையை மறுக்கவோ கூடாது.
5. சாப்பாட்டு பில்லோடு அதைச் சேர்த்து, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது.

கடைசி விதி ஏன் முக்கியம்? அந்தக் குடும்பத்தின் பில்லையே எடுத்துக்கொள்வோம். 2,000 ரூபாய்க்கு 5% ஜிஎஸ்டி 100 ரூபாய். ஆக 2,100 ரூபாயோடு முடிந்திருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் 200 சேர்த்து, அந்த 2,200-க்கு ஜிஎஸ்டி போட்டால் 110 ரூபாய். மொத்தம் 2,310. வேண்டாத கட்டணத்துக்கு வரியும் சேர்த்துக் கட்டியது 210 ரூபாய்.

கோர்ட் என்ன சொன்னது?

இந்த விதிகளை எதிர்த்து உணவக உரிமையாளர்களின் இரண்டு தேசிய சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2022 ஜூலை 20-ல் இடைக்காலத் தடையும் கிடைத்தது. பல உணவகங்கள் வசூலைத் தொடர்ந்தன.

2025 மார்ச் 28-ல் நீதிபதி பிரதிபா எம்.சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தார். கட்டாயமாக சர்வீஸ் சார்ஜ் வசூலிப்பது சட்டத்துக்கு எதிரானது என்றும், ஆணையத்தின் விதிகள் செல்லும் என்றும் தீர்ப்பளித்தார். இரண்டு சங்கங்களும் தலா 1 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். அதே சமயம், வாடிக்கையாளர் விரும்பி டிப்ஸ் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2025 ஆகஸ்ட்டில் அதை விசாரித்த அமர்வு, தண்ணீர் பாட்டிலுக்கே எம்ஆர்பி-யைவிட அதிகமாக வாங்குகிறீர்களே, அப்புறம் எதற்கு சர்வீஸ் சார்ஜ் என்கிற ரீதியில் கேள்வி எழுப்பியது. உட்கார்ந்து சாப்பிடும் வசதிக்கும் சேர்த்துத்தான் விலை என்பதால், உணவகங்கள் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பி-க்கு மேல் விற்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வசதிக்கு விலையில் ஒருமுறை, சர்வீஸ் சார்ஜில் இன்னொரு முறையா என்பதுதான் கேள்வி.

உணவகங்கள் தரப்பு என்ன?

அவர்களிடமும் ஒரு வாதம் இருக்கிறது. டிப்ஸ் கொடுத்தால் டேபிளுக்கு வரும் சர்வருக்கு மட்டும்தான் போகும். சமையல்கட்டில் வேகிறவர், பாத்திரம் கழுவுகிறவர், டேபிள் துடைக்கிறவர் எல்லோருக்கும் பங்கு போக சர்வீஸ் சார்ஜ்தான் வழி என்கிறார்கள். மெனு கார்டிலேயே போட்டிருக்கிறோம், பார்த்துவிட்டுத்தானே ஆர்டர் செய்தீர்கள் என்பது அடுத்த வாதம்.

இதில் இரண்டு சிக்கல். மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டதை, வாடிக்கையாளரின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, அந்த 200 ரூபாயில் பாத்திரம் கழுவுகிறவருக்கு எவ்வளவு போனது என்பதை பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஊழியருக்கு நல்ல சம்பளம் தரத்தான் பணம் வேண்டும் என்றால், இட்லி விலையையோ பிரியாணி விலையையோ ஏற்றலாம். அதை யாரும் தடுக்கவில்லை. வாடிக்கையாளரும் உள்ளே நுழையும்போதே விலையைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.

பில்லில் எதைப் பார்க்கணும்?

* சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5%. சிஜிஎஸ்டி 2.5%, எஸ்ஜிஎஸ்டி 2.5% என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பெரிய நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் 18% வரலாம்.
* காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது.
* பப், பார் என்றால் மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில அரசின் வாட் வரிதான். ஆனால் அங்கே பில் பெரிது என்பதால் சர்வீஸ் சார்ஜும் பெரிது. 8,000 ரூபாய் பில்லில் 10% என்றால் 800 ரூபாய்.
* எஸ்.சி., ஸ்டாஃப் ஃபண்ட் என்று எந்தப் பெயரில் வந்தாலும், இது என்ன என்று கேளுங்கள்.

எடுக்க மாட்டேன் என்றால்?

முதலில் மேனேஜரிடம் சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் தரச் சொல்லுங்கள். சர்வரிடம் சண்டை போடாதீர்கள். பில் போடுகிற சாஃப்ட்வேரில் 10% சேர்த்தது அவர் இல்லை.

மறுத்தால், பில்லை போட்டோ எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். தமிழிலும் பேசலாம். மாவட்ட ஆட்சியரிடமும் புகார் கொடுக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்கு மனுக் கட்டணமும் இல்லை.

நடைமுறையில் பெரிய தடை சட்டம் இல்லை, கூச்சம்தான். '200 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறாரே' என்று நினைப்பார்களோ என்ற தயக்கத்தில்தான் பெரும்பாலானோர் கட்டிவிட்டு வருகிறார்கள். டேபிளில் கேட்கக் கூச்சமாக இருந்தால், குடும்பம் கை கழுவப் போகும் நேரத்தில் கேஷ் கவுன்டருக்குப் போய் மெதுவாகக் கேட்டால் போதும். சர்வர் நன்றாகக் கவனித்தாரா? எடுத்த 200 ரூபாயில் 100-ஐ அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வரலாம்.