இரண்டாகப் பிரிந்த ரகுசா

இத்தாலியின் சிசிலித் தீவில், தென்கிழக்கு மூலையில் இருக்கும் மலை ஊர் ரகுசா. அதைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கட்டுரையை எடுத்தாலும் கதை ஒரே மாதிரிதான் போகும். 1693-ல் நிலநடுக்கம் வந்தது, ஊர் தரைமட்டமானது, மக்கள் மனம் தளராமல் ஒன்றுசேர்ந்து முன்பைவிட அழகாகக் கட்டி எழுப்பினார்கள். சுபம்.

இதில் "ஒன்றுசேர்ந்து" என்கிற வார்த்தைதான் உதைக்கிறது. ரகுசாக்காரர்கள் ஒன்றுசேரவே இல்லை. எங்கே கட்டுவது என்று சண்டை போட்டு, சமாதானம் ஆகாமல், இரண்டு ஊராகப் பிரிந்து போனார்கள். அந்தச் சண்டைதான் அந்த ஊரின் பெருமை என்பது என் கட்சி.

(குரோவேசியாவின் துப்ரோவ்னிக் நகரத்துக்கும் பழைய பெயர் ரகுசாதான். அதுவும் 1667-ல் நிலநடுக்கத்தில் அழிந்து, பரோக் பாணியில் மீண்டது. இணையத்தில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

முதலில் நிலநடுக்கம். 1693 ஜனவரி 9-ம் தேதி ஓர் அதிர்ச்சி. இரண்டு நாள் கழித்து, 11-ம் தேதி, அதைவிடப் பல மடங்கு பெரியது. மொத்தம் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். கத்தானியா நகரத்தில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் போய்விட்டார்கள். ரகுசாவில் ஏறக்குறைய 5,000 பேர். அன்றைக்கு சிசிலி ஸ்பெயின் அரசரின் ஆளுகையில் இருந்தது. வைஸ்ராய் பலெர்மோவிலிருந்து கமாஸ்த்ரா பிரபு என்பவரை முழு அதிகாரத்தோடு அனுப்பிவைத்தார்.

அவர் கை வைத்த ஊர்களில் ஒன்று நோத்தோ. பழைய நோத்தோ அல்வேரியா என்ற மலை மேல் இருந்தது. அதை அப்படியே கைவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளி, கடல் பக்கமாகப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. நேர்கோட்டில் தெருக்கள், அகலமான சதுக்கங்கள், வெயிலில் தேன் நிறமாக மின்னும் கல். இன்றைக்கு உலகமே வாய் பிளந்து பார்க்கிற ஊர். ஆனால் பழைய மலைக்கே திரும்பிப் போகவேண்டும் என்ற குரல் அங்கே பல வருடங்கள் ஓயவில்லை. வழக்கு, மனு, கோஷ்டிப் பூசல் என்று இழுத்தடித்து, கடைசியில் புதிய இடமே நிலைத்தது. ஊர் ஒன்றுதான், முடிவும் ஒன்றுதான். தோற்ற கட்சிக்குப் போக்கிடம் இல்லை.

ரகுசாவில் நடந்தது வேறு. நிலநடுக்கத்துக்கு முன்னாலேயே அங்கே இரண்டு கோஷ்டி உண்டு. சான் ஜோர்ஜோ கோயில்காரர்கள், சான் ஜொவான்னி கோயில்காரர்கள். ஊரின் தலைமைக் கோயில் எது, யாருடைய புனிதர் பெரியவர் என்பதுதான் தகராறு. முதல் கட்சியில் பழைய பிரபுக் குடும்பங்கள். இரண்டாவதில் பெரும்பாலும் விவசாயத்தில் காசு பார்த்த புதுப் பணக்காரர்கள், மஸ்ஸாரோ என்று பெயர். நிலநடுக்கம் இரண்டு கோயிலையும் சேர்த்தே சாய்த்தது.

இடிபாட்டின் நடுவே உட்கார்ந்து இரண்டு கட்சியும் இரண்டு முடிவு எடுத்தன. மஸ்ஸாரோக்கள், "இந்தக் குன்றும் வேண்டாம், இந்தச் சந்தும் வேண்டாம்" என்று மேற்கே உயரத்தில் இருந்த பாத்ரோ என்ற சமவெளிக்குப் போனார்கள். அங்கே கட்டம் போட்டமாதிரி நேர்த் தெருக்கள், நடுவில் புது சான் ஜொவான்னி. பிரபுக்கள் அசையவில்லை. முன்னோர் இருந்த குன்றிலேயே, அதே கோணல் தெருக்களின் மேலேயே வீடு எழுப்பினார்கள். அதுதான் இன்றைக்கு இப்ளா என்று சொல்லப்படும் பழைய பகுதி. இரண்டுக்கும் நடுவில் 300-க்கும் மேற்பட்ட படிகள். படிக்கட்டின் ஓரத்தில் சாந்தா மரியா தெல்லே ஸ்காலே என்ற கோயில் இருக்கிறது. நிலநடுக்கத்துக்கு முந்தைய கோத்திக் வளைவுகள் அதற்குள் இன்னும் இருக்கின்றன.

போட்டி என்றால் சாதாரணப் போட்டி இல்லை. மேலே சான் ஜொவான்னி பிரமாண்டமாக எழுந்தது. கீழே சான் ஜோர்ஜோகாரர்கள் சும்மா இருப்பார்களா? ரொசாரியோ கல்யார்தி என்ற கட்டடக் கலைஞரைப் பிடித்தார்கள். 1738-ல் அவர் வரைந்து கொடுத்த கோயில்தான் இன்று எல்லாப் படங்களிலும் வருவது. உயரமான படிக்கட்டு, அதன் உச்சியில் சதுக்கத்துக்கு நேராக நிற்காமல் லேசாகத் திரும்பி நிற்கும் முகப்பு, மூன்று அடுக்குத் தூண்கள், நடுப்பகுதி மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்த நெஞ்சு மாதிரி முன்னால் புடைத்திருக்கும். மணிக்கூண்டும் முகப்பிலேயே. புகைப்படத்தில் பார்த்தாலே, மேலே இருக்கிறவனுக்குக் காட்டுவதற்காகக் கட்டியது என்று தெரியும் :-)

வணிகவியல் படிக்கிறவனுக்கு இங்கே ஒரு கேள்வி வராமல் இருக்காது. காசு ஏது? ஐயாயிரம் பேர் செத்த ஊரில் இரண்டு கோயில், இரண்டு மாளிகைத் தொகுதி, எல்லாமே இரண்டு! பதில் நிலத்தில் இருக்கிறது. ரகுசா மோதிக்காப் பிரபுக்களின் ஆட்சிப் பகுதி. 15, 16-ம் நூற்றாண்டுகளில் அவர்கள் தங்கள் நிலத்தைத் துண்டு போட்டு நிரந்தரக் குத்தகைக்கு விட்டார்கள். வாரம் நிலையானது, உரிமை பிள்ளைகளுக்கும் தொடரும். சிசிலியின் மற்ற இடங்களில் ஒரே முதலாளியின் பெரிய பண்ணையும், நாள்கூலிக்கு நிற்கும் ஆட்களும்தான். இங்கே நூறு, இருநூறு வருடங்களில் கையில் நிலமும் காசும் உள்ள ஒரு விவசாய வர்க்கமே உருவாகிவிட்டது. அந்தப் பக்கத்து வயல்களில் இன்றும் தெரியும் சாந்து பூசாத கல் வேலிகள் அந்தத் துண்டுகளின் எல்லைகள்தான்.

இதனால்தான் "உங்கள் குன்றில் எங்களுக்கு வேலை இல்லை" என்று பிரபுக்களின் முகத்துக்கு நேரே அவர்களால் சொல்ல முடிந்தது. எங்கே குடியிருப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. குத்தகைச் சீட்டிலிருந்து வந்தது.

வீண் செலவு, ஒரே ஊராகக் கட்டியிருந்தால் மிச்சமாகியிருக்கும் என்று கேட்கலாம். கணக்குப்படி சரி. ஆனால் மிச்சம் பிடிக்கும் திட்டம் எப்படி முடியும் என்பதற்கும் சிசிலியிலேயே உதாரணம் இருக்கிறது. 1968-ல் தீவின் மேற்கே பெலிச்சே பள்ளத்தாக்கில் நிலநடுக்கம். ஜிபெல்லினா என்ற மலை ஊரைச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். பெரிய பெரிய கலைஞர்கள் வந்து சிற்பம் வைத்தார்கள். கார் ஓட அகலமான சாலை எல்லாம் உண்டு. சாலையில் ஆள்தான் இல்லை. பழைய ஊரின் இடிபாட்டை அல்பெர்த்தோ புர்ரி வெள்ளைச் சிமென்ட்டால் மூடி ஒரு கலைப் படைப்பாக்கினார். அற்புதமான படைப்புதான். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது.

ரகுசாவின் சண்டையை நான் புகழ்வதில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சண்டை போட்ட இரண்டு பேருமே காசு உள்ளவர்கள். நிலமில்லாத கூலிக்காரனை யாரும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. பக்கத்திலேயே ஷிக்லி இருக்கிறது. அதே நிலநடுக்கம், அதே பரோக், 2002-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த எட்டு ஊர்களில் ரகுசா, நோத்தோவோடு அதுவும் ஒன்று. அந்த ஊருக்கு மேலே கியாஃபுரா என்ற பாறைச் சரிவில் ஏழைகள் குகைகளில் குடியிருந்தார்கள். 1693-க்குப் பிறகு கொஞ்ச காலம் என்று நினைக்காதீர்கள். 1950-களின் கடைசி வரைக்கும்! 1959-ல் பசோலினி (ஆமாம், சினிமா எடுத்த அதே பசோலினிதான்) போய்ப் பார்த்து எழுதினார். கீழே பால்கனிகளைத் தாங்கும் கல் முகங்கள், மேலே குகை வாசலில் குழந்தைகள். பரோக் பற்றிய புத்தகங்களில் முதலாவதற்குப் பக்கம் பக்கமாகப் படம் கிடைக்கும்.

ரகுசாவின் கதை அப்புறம் தலைகீழாகத் திரும்பியது. 1865-ல் இரண்டும் சட்டப்படியே தனித்தனி நகராட்சிகளாயின. 1926-ல் மறுபடி ஒட்டினார்கள். அடுத்த வருடம் மாகாணத் தலைநகர் ஆனது. அலுவலகம், கடை, பள்ளி எல்லாம் மேலே போக, இளவட்டங்கள் பிரபுக்களின் இப்ளாவைக் காலி செய்துகொண்டே இருந்தார்கள். 1981-ல் அந்தப் பகுதியைக் காப்பாற்றவே தனியாக ஒரு மாநிலச் சட்டம் போடவேண்டி வந்தது. இப்போது சுற்றுலாக்காரர்கள் போவதெல்லாம் அந்த இப்ளாவுக்குத்தான். மொந்தல்பானோ தொலைக்காட்சித் தொடரும் அங்கேதான் எடுத்தார்கள். மஸ்ஸாரோக்கள் கட்டிய மேல் ஊரில் பேருந்து மாறுவதோடு சரி.

ஆனால் மறைமாவட்டத்தின் பேராலயம் மேலே இருக்கிற சான் ஜொவான்னிதான். இப்ளாவில் சான் ஜோர்ஜோ திருவிழா மே மாதக் கடைசியை ஒட்டி நடக்கும். மேலே சான் ஜொவான்னி திருவிழா ஆகஸ்ட் 29. ஒரே நகராட்சி, இன்னமும் இரண்டு காவல் புனிதர்கள்.