மருந்து கெட்டிக்கும் நேரம்

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களில் காட்டுப்பன்றியை விரட்டவும் வேட்டைக்கும் நெடுங்காலமாகப் புழங்கியது நாட்டுத்துப்பாக்கி. உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்கச் சொல்லி கிருஷ்ணகிரி மாவட்டப் போலீஸ் அவ்வப்போது அறிவிப்பதும், ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ திணித்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, மறுபடி அடைத்து, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கடைசியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் வைக்க வேண்டும். ஒரே ஒரு வெடிக்கு இத்தனை வேலை. வெடித்ததும் எழும் வெண்புகையில் சுட்டவருக்கே குறி மறைந்துபோகும். தப்பிய பன்றி அடுத்த வெடிக்குக் காத்திருக்காது. சண்டைப் படங்கள் முதலில் வெட்டி எறிவது இந்த இடைவேளையைத்தான்.

ஏகே-47 வந்த பிறகும் கணக்கு தீரவில்லை. அதன் மேகசினில் 30 தோட்டா. நிமிடத்துக்குச் சுமார் 600 என்ற வேகத்தில் விசையை விடாமல் அழுத்தினால் மூன்றே விநாடியில் காலி. கதாநாயகனுக்கோ ஒரு பாட்டு முடியும்வரை தீராது. ஆளுக்கொரு தோட்டா என்ற சிக்கனம் வேறு. நிஜத்தில் அப்படியில்லை. 2004 அக்டோபர் 18 இரவு, பக்கத்துத் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சந்தனக் கடத்தல் வீரப்பன் வந்த ஆம்புலன்சை மறித்துச் சுட்டது விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை. வண்டி நின்றிருந்தது, தூரமும் அதிகமில்லை, சுட்டவர்கள் தேர்ந்தவர்கள். அப்படியும் 300-க்கு மேல் தோட்டாக்கள் செலவாயின. வீரப்பன் உடலில் பாய்ந்தவை மிகச் சில.

ஓசூர்க்காரர்கள் தமிழ்ப்படத்தோடு கன்னடப் படத்தையும் விடாதவர்கள். 2022-இல் வந்த 'கேஜிஎஃப் 2'-இல் யஷ், 'தொட்டம்மா' என்ற இயந்திரத் துப்பாக்கியால் காவல் நிலையத்தைச் சல்லடையாக்கிவிட்டு, பழுத்த குழாயில் சிகரெட் பற்றவைப்பார். கைதட்டல் வாங்கிய அந்தச் சிகரெட்டில் பொய் அதிகமில்லை. விடாமல் சுட்டால் குழாய் சிவக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சூட்டில் குழாயின் உள்வரி தேயும், குறி பிசகும், அறையில் இருக்கும் தோட்டா விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும். அதனால்தான் ராணுவத்தில் விட்டுவிட்டுச் சுடப் பழக்குகிறார்கள். குழாயைக் கழற்றி மாற்றும் வசதியும் பல துப்பாக்கிகளில் உண்டு.

கைத்துப்பாக்கியில் பிழை இன்னும் சின்னது. தோட்டா தீர்ந்ததும் பெரும்பாலான தானியங்கிப் பிஸ்டல்களின் மேற்பகுதி பின்னுக்குப் போய் அப்படியே நின்றுவிடும். அதற்கப்புறம் விசையை அழுத்தினாலும் சுத்தியல் அடிக்காது. படத்திலோ வில்லன் 'டிக், டிக்' என்று நாலு முறை அழுத்திப் பார்த்துத்தான் விழிப்பான். அவன் கையில் இருப்பது பெரும்பாலும் டம்மி. நெருப்பைக் கம்ப்யூட்டரில் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். டம்மி உதைக்காது என்பதால் தோள் பின்வாங்குவதை நடிகரே நடித்துக் காட்ட வேண்டும். முதல் இரண்டு தோட்டாவுக்குப் பிறகு பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.