பாக்டீரியாவின் வெளிச்சவ்வு: ஆய்வகத்தில் அதைக் கட்டிப் பார்ப்பது ஏன்?

ஐசியூவில் மற்ற ஆன்டிபயாடிக் எதுவும் வேலை செய்யாதபோது டாக்டர்கள் கையில் எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். 1940-களின் இறுதியில் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970-களில் ஓரங்கட்டப்பட்டது. வேறு வழியில்லாமல் மீண்டும் வந்தது. இப்போது இதற்கும் சில பாக்டீரியாக்கள் தண்ணி காட்டுகின்றன. எப்படி?

சவ்வில் என்ன இருக்கு?

ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள். அதில் வெளிச்சவ்வுக்கு இரண்டு அடுக்குகள். உள்பக்கம் சாதாரண கொழுப்பு மூலக்கூறுகள். வெளிப்பக்கம் சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய எல்பிஎஸ் என்ற மூலக்கூறுகள்.

எல்பிஎஸ் எல்லாமே நெகட்டிவ் சார்ஜ் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ள வேண்டும். ஆனால் கால்சியம், மக்னீசியம் அயனிகள் நடுவில் நின்று, செங்கலுக்கு இடையிலான சிமென்ட் மாதிரி பிடித்து வைக்கின்றன. இந்த அயனிகளை நகர்த்திவிட்டுத்தான் கோலிஸ்டின் உள்ளே நுழைகிறது.

மாடல் எதற்கு?

உயிருள்ள பாக்டீரியாவில் ஒரே நேரத்தில் ஆயிரம் வேலைகள் நடக்கும். சில நானோமீட்டர் தடிமனே உள்ள சவ்வை மட்டும் தனியாகக் கவனிப்பது கஷ்டம். அதனால் விஞ்ஞானிகள் அந்தச் சவ்வை மட்டும் சிலிக்கான் பரப்பின் மேல் அடுக்கடுக்காகக் கட்டி, நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சுகிறார்கள். சாதாரண ஹைட்ரஜனும் கன ஹைட்ரஜனான டியூட்டீரியமும் நியூட்ரானுக்கு வேறு வேறாகத் தெரியும். அதை வைத்து, எந்த மூலக்கூறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பிரிட்டனின் ஐசிஸ் நியூட்ரான் மையத்தில் இப்படிச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. கால்சியத்தை உருவி எடுத்ததும் இரண்டு அடுக்குகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சவ்வின் உறுதிக்கு அந்த அயனிகள் எவ்வளவு முக்கியம் என்பது நேரடியாகத் தெரிந்தது.

பாக்டீரியாவின் பதிலடி

அதே 2015-ல் சீனாவில் எம்சிஆர்-1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. பன்றிகளிலும், இறைச்சியிலும், நோயாளிகளிடமும் எடுத்த பாக்டீரியாக்களில் அது இருந்தது. எல்பிஎஸ்ஸின் நெகட்டிவ் சார்ஜை இது குறைத்துவிடும். கோலிஸ்டினுக்குப் பிடிமானம் போய்விடும். இந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும்.

பண்ணைகளில் கோலிஸ்டினைத் தாராளமாகப் பயன்படுத்தியதும் இதற்கு ஒரு காரணமாகப் பார்க்கப்படுகிறது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகள், கோழிகள், மீன்களுக்கு இதைத் தர இந்தியா 2019 ஜூலையில் தடை விதித்தது. சரியான முடிவு. ஆனால் தடை காகிதத்தோடு நின்றால் பயனில்லை. தீவனக் கடை வரைக்கும் கண்காணிப்பு போக வேண்டும்.

மாடல் சவ்வு உயிருள்ள பாக்டீரியா ஆகிவிடாது. அதில் வேலை செய்யும் மருந்து நோயாளியிடம் தோற்கலாம். ஆனாலும் அடுத்த மருந்து எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டுவது இந்த மாதிரி நிதானமான அடிப்படை ஆராய்ச்சிதான். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. புது மருந்து வர வருடங்கள் ஆகும். அதுவரை கையில் இருப்பதை வீணாக்காமல் இருப்பதும், இந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.