"டவரே இல்ல, செம பீஸ்": ஜவ்வாது மலைக்கு வீக்கெண்ட் வர்றவங்களுக்கு ஒரு த்ரெட்

1/
ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். நான் அப்போ மலையடிவாரத்துல ஒரு ஆஸ்பத்திரியில டியூட்டி. பெங்களூர்ல வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பசங்க அஞ்சு பேர் வந்தாங்க. பீமன் அருவியில பாறை வழுக்கி ஒருத்தருக்குக் கணுக்கால் எலும்பு முறிவு. கூட வந்தவர் என்கிட்ட கத்தினார்: "போன் பண்ண டவர் இல்ல, வண்டி வர ரெண்டு மணி நேரம். இதெல்லாம் ஒரு ஊரா சார்?"

2/
கோபம் நியாயம்தான். கட்டுப் போடும்போது அடிபட்ட பையன் வலியை மறக்க காலையில எடுத்த வீடியோவைக் காட்டினான். அதுல அதே நண்பரோட குரல்: "நோ டவர், நோ டென்ஷன், செம பீஸ் மச்சி."
காலையில பீஸ். சாயங்காலம் பீதி. நடுவுல மலை மாறல. ஒரு கணுக்கால் மட்டும்தான் மாறுச்சு.

3/
வாரம் அஞ்சு நாள் வெளியூர்ல உழைக்கிறீங்க. டிராஃபிக், டெட்லைன், பிஜி சாப்பாடு. ரெண்டு நாள் மூச்சு விட மலைக்கு வாங்க, தப்பே இல்ல. டாக்டரா நானே சொல்வேன், வாங்க. என் சண்டை உங்க டிரிப்போட இல்ல. டிரிப் முடிஞ்சு நீங்க போடுற ஒரு வரியோட: "இன்னும் கெடாத மலை. தயவுசெஞ்சு ரோடு போட்டு இன்னொரு ஏலகிரி ஆக்கிடாதீங்க."

4/
கெடாத மலைன்னா என்னன்னு பார்ப்போம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்னு மூணு மாவட்டத்துல பரவிக் கிடக்கிற மலை இது. இங்க வாழுறவங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து கேரளான்னு நினைக்காதீங்க, பேசுறது தமிழ்தான். சாமை விதைக்கிறாங்க, புளி உலுக்குறாங்க, தேன் எடுக்குறாங்க. உங்க டிரோன் ஷாட்ல பச்சையா, அமைதியா தெரியுற இடத்துல இவங்க வீடு இருக்கு. அந்த வீட்டுல பிரசவ வலி வரும். பாம்பு வரும்.

5/
2023 மே மாசம். இந்த மலைத்தொடரை ஒட்டிய அணைக்கட்டு பக்கம், அல்லேரி மலை. ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடிச்சது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தை இறந்துடுச்சு. திரும்பி வரும்போது ரோடு இல்லாததால ஆம்புலன்ஸ் பாதி வழியோட நின்னுடுச்சு. பெத்தவ தன் குழந்தையோட உடலைச் சுமந்துக்கிட்டு கிலோமீட்டர் கணக்குல நடந்தா. தமிழ்நாடே அந்த வீடியோவைப் பார்த்தது. அந்த அம்மா நடந்த பாதையும் "கெடாத" பாதைதான்.

6/
இங்க கொஞ்சம் மருத்துவம் பேசணும். நம்ம ஊர்ல அதிகம் கொல்லுறது நாலு பாம்பு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கிடைக்கும், இலவசம். ஆனா ஏறின விஷம் நமக்காகக் காத்திருக்காது. கட்டுவிரியன் விஷம் மூச்சுத் தசையை நிறுத்தும். விரியன் விஷம் ரத்தம் உறைய விடாது, கிட்னியைக் கெடுக்கும். அதனால சாவைத் தீர்மானிக்கிறது பல நேரம் மருந்து இருக்கா இல்லையாங்கிறது இல்ல. மருந்துக்கும் மனுஷனுக்கும் நடுவுல எத்தனை கிலோமீட்டர்ங்கிறது.

7/
இன்னொண்ணு தெரியுமா? அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுக்கிறவங்க யாரு? சென்னை பக்கத்துல வடநெம்மேலியில 1978ல தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இந்தியா முழுக்கப் போற மருந்துக்கு முக்கியமான விஷ ஆதாரம் அவங்கதான். ஒரு பழங்குடியோட கையில தொடங்குற மருந்து, இன்னொரு பழங்குடிக் குழந்தைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரல. இதுல நாம அமைதியை ரசிக்கிறோம்.

8/
"டாக்டர், ரோடு வந்தா காடு போயிடும், ரிசார்ட் வரும், பாட்டில் வரும்." நியாயமான பயம். ஏலகிரியைப் பார்த்தவங்களுக்கு வரும். ஆனா பாட்டில் ஏற்கெனவே வந்தாச்சு. அருவிப் பாறையில உடைஞ்சு கிடக்கிற கண்ணாடியை மலைக்காரங்க போடல. சுற்றுலாப் பயணி போற இடத்துக்கு கார் போகுது. அதைத் தாண்டி உள்ள இருக்கிற ஊருக்குத்தான் இன்னும் டோலி. ரோடு வேண்டாம்னு நீங்க சொல்லும்போது நிக்கப்போறது உங்க கார் இல்ல, அவங்க ஆம்புலன்ஸ்.

9/
சட்டம் இதுக்கு வழி வெச்சிருக்கு. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2). பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு லைன், சாலைன்னு 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொண்ணுக்கும் 1 ஹெக்டேருக்குள்ள காட்டு நிலம் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரை கட்டாயம்.
கணக்குப் போடுங்க: 4 மீட்டர் அகலத்துல ரோடு போட்டா, 1 ஹெக்டேர்ல 2.5 கிலோமீட்டர் வரும். இந்தச் சட்டத்துல ரிசார்ட்டுக்கு இடம் கிடையாது.
காட்டை அழிக்காம உயிரைக் காப்பாத்த முடியாதுங்கிறது சோம்பேறித்தனமான வாதம்.

10/
இன்னொரு பக்கத்தையும் பாருங்க. இந்த மலைக்காரங்களும் உங்களை மாதிரியே வேலைக்கு வெளியூர் போறவங்கதான். நீங்க லேப்டாப்போட ஏசி பஸ்ல போறீங்க. அவங்க மேஸ்திரி பின்னாடி கட்டட வேலைக்கும் எஸ்டேட்டுக்கும் போறாங்க. 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காட்டுல ஆந்திர போலீஸ் சுட்டதுல 20 பேர் செத்தாங்க. செம்மரம் வெட்ட வந்தவங்கன்னாங்க. அதுல பலர் ஜவ்வாது மலைக்காரங்க. மலையிலயே வாழ வழி இருந்திருந்தா, கூலிக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட்டுக்கு இங்க என்ன வேலை?

11/
காவலூர்ல சனிக்கிழமை ராத்திரி வானம் பார்க்கப் போவீங்க. வைணு பாப்பு ஆய்வகம், 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986ல திறந்தது. அவசியம் போங்க, பெருமையான இடம். அங்க இருட்டு விஞ்ஞானத்துக்குத் தேவை. ஆனா ஒரு அங்கன்வாடிக்கோ, பிரசவ வீட்டுக்கோ இருட்டு தேவை இல்ல. ரெண்டையும் சேர்த்து "மலையோட அழகு"ன்னு சொல்லாதீங்க.

12/
சரி, என்ன பண்ணணும்? வரும்போது:
* தண்ணி அடிச்சுட்டு அருவியில இறங்காதீங்க, கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓட்டாதீங்க. மலைக்கு வர்ற ஆம்புலன்ஸ் ஒண்ணு உங்களுக்காக ஓடினா, அந்த நேரம் அது வேற யாருக்கோ இல்ல.
* பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க, பாம்பைத் தேடாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம நேரா ஆஸ்பத்திரி.
* ஊர் திரும்பி ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா "மலைக்குப் போனேன்"னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. புதர்ல இருக்கிற சின்னப் பூச்சியால வர்ற ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம். அக்குள், தொடை இடுக்குல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பு வடு இருக்கான்னு பாருங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண மாத்திரை போதும். விட்டா நுரையீரல், மூளை வரைக்கும் போகும்.

13/
போன பிறகு: சாமை, தேன், புளியை விளைவிச்சவங்ககிட்டயே வாங்குங்க, பேரம் பேசாதீங்க. ரீல்ஸ் போடுங்க, ஆனா "இங்க டவர் இல்ல, 108 கூப்பிட முடியாது, இந்த ஊருக்கு ரோடு வேணும்"னு ஒரு வரி சேருங்க. உங்க ரீல்ஸ் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகும். அவங்க மனு பல வருஷமா போய்ட்டு இருக்கு.

14/
அந்தக் கணுக்கால் பையன் ஆறு வாரத்துல நடந்திருப்பான். சந்தோஷம். அவன் ரெண்டு மணி நேரம் காத்திருந்ததுக்கு அவ்வளவு கோபம் வந்துச்சுல்ல? அதே கோபத்தை மலையில வருஷம் பூரா காத்திருக்கிறவங்களுக்காகவும் படுங்க. அவ்வளவுதான் கேட்கிறேன்.
 திட்டுறவங்க தாராளமா திட்டுங்க, 9வது ட்வீட்டைப் படிச்சுட்டு.