பெங்களூரு போதும், அடுத்து எங்கே?

2001 கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சம் பேர் இருந்த பெங்களூர் நகர மாவட்டத்தில் 2011இல் 96 லட்சம் பேர். அதன்பிறகு ஏறிய கூட்டத்தைச் சில்க் போர்டு சந்திப்பில் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். அங்கிருந்து கிளம்ப நினைப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது ஓசூர். ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே இருக்க, வாடகைக்காக மட்டும் அத்திப்பள்ளியைத் தாண்டுவதை இடமாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெரிசலும் கூடவே வருமே! மைசூரு அழகு, சாலைகளும் அகலம். ஆனால் இருக்கும் வேலை போனால் அதே ஊரில் இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

எந்த ஊரானாலும் வீடு பார்க்க டிசம்பரில் போகாதீர்கள், மே மாதத்தில் போங்கள். குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று புரோக்கரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். 2024 கோடையில் பெங்களூரில் அதிகம் தவித்தது, காவிரிக் குழாய் எட்டாமல் போர்வெல்லையும் லாரியையும் நம்பிய புறநகர்கள்தான். நீச்சல்குளம் வைத்துக் கட்டிய அபார்ட்மெண்ட்களும் அதில் அடக்கம்.

என் ஓட்டு கோயம்புத்தூருக்கு. சிறுவாணி, பில்லூர் குடிநீர் இருக்கிறது, நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன, ஐ.டி. வேலை இல்லாவிட்டால் பம்பு, மோட்டார், ஜவுளி என்று வேறு தொழில்களும் உண்டு. ஆனால் கூட்டத்தோடு சரவணம்பட்டிக்கு ஓடவேண்டாம். சிங்காநல்லூர் பக்கம் ஒரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, பிறகு மனை தேடலாம்.