கூடிச் செய்யும் வேலை, கூடிப் பேசும் நேரம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்துக்கு 2021 முதல் 2027 வரை ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 2,600 கோடி யூரோ. கல்லூரி மாணவர்கள் வேறு நாட்டில் படிக்கப் போவதையே பலரும் அதன் அடையாளமாக அறிவார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி இளைஞர் பரிமாற்றம். 13 முதல் 30 வயதுக்குட்பட்டவர்கள், குறைந்தது இரு நாடுகளிலிருந்து வந்து, 5 முதல் 21 நாள் வரை ஒரே இடத்தில் தங்கி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு குழுக்களாகப் பயில்கிறார்கள். பாடநூலும் தேர்வும் கிடையாது. காலையில் சோம்பல் முறிக்க ஓர் ஆட்டம், பிறகு குழுப்பணி, மதியம் பட்டறை அல்லது ஊர் சுற்றல், மாலையில் அன்று நடந்ததை அலசும் கூட்டம், இரவில் அவரவர் நாட்டுப் பாட்டும் பலகாரமும் என்று ஒரு நாள் போகும். இவற்றில் பார்வைக்குச் சிறிதும் எடுப்பில்லாதது மாலைக் கூட்டம். புகைப்படத்தில் அது வட்டமாக உட்கார்ந்திருக்கும் சிலர், அவ்வளவுதான். நேரம் நெருக்கினால் அதைத்தான் முதலில் சுருக்கத் தோன்றும். அப்படிச் சுருக்கினால் அந்த நாளின் பயனே பெருமளவு போய்விடும்.

பல இடத்துப் பிள்ளைகளை ஒன்றாகத் தங்கவைத்தால் நட்பு தானாக வளரும் என்பது பரவலான நம்பிக்கை. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் முகாமில் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீப் நடத்திய ஆய்வு அதைச் சோதித்தது. 22 சிறுவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டுப் போட்டிகளில் மோதவிடப்பட்டார்கள். பகை முற்றியது, ஓரணியின் கொடியை மற்ற அணி எரித்தது. பிறகு இரு அணிகளையும் ஒரே கூடத்தில் உணவுக்கு அமர்த்தியபோது தட்டிலிருந்த உணவு எறியும் பொருளானது. தண்ணீர் வரத்து நின்றதும், லாரி கிளம்ப மறுத்ததும், இரு அணியும் சேர்ந்தால்தான் தீரும் என்ற நிலை வந்தபோதுதான் பகை தணிந்தது. ஆய்வாளர்களே பகையை மூட்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் இந்த ஆய்வின் மீது உண்டு. இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் வேறு வேறு குழுவினர் பழகும்போது முன்முடிவு குறைய என்ன வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் அதே 1954இல் வகுத்த நிபந்தனைகளும் இதே திசையைத்தான் காட்டின: சம மதிப்பு, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு. 2006இல் உளவியலாளர்கள் பெட்டிகுரூவும் டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழக்கம் ஏற்பட்டாலே பொதுவாக முன்முடிவு குறைகிறது, இந்த நிபந்தனைகள் அமைந்த இடத்தில் இன்னும் கூடுதலாகக் குறைகிறது என்று கண்டார்கள். ஆகவே ஒரு நாளை எப்படி அமைக்கிறோம் என்பது அலங்காரமல்ல, பயனைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது.

ஐரோப்பியக் கவுன்சிலின் பயிற்சித் தொகுப்பிலுள்ள ‘டெர்டியர்’ விளையாட்டைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு குழு பொறியாளர்கள். இன்னொரு குழு பாலம் கட்டத் தெரியாத கற்பனை நாட்டின் டெர்டியர்கள். காகிதம், பசை, கத்தரிக்கோல், பென்சில், ஸ்கேல் கொண்டு காகிதப் பாலம் கட்ட அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். டெர்டியருக்கோ சொந்த வழக்கங்கள் உண்டு. அவர்கள் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. கத்தரிக்கோல் ஆணுக்கும் பென்சிலும் ஸ்கேலும் பெண்ணுக்கும் உரியவை. இது எதுவும் பொறியாளர்களுக்குத் தெரியாது. பென்சிலை நீட்டினால் ஓர் ஆண் தொட மறுக்கிறான். எதைக் கேட்டாலும் ‘சரி’ என்று தலையாட்டுகிறான், வேலை மட்டும் நகர்வதில்லை. சிரிப்பும் எரிச்சலும் கலந்து ஆட்டம் முடிகிறது. அத்தோடு கலைந்துவிட்டால், வேற்று நாட்டார் விசித்திரமானவர்கள் என்ற எண்ணத்தையே அது உறுதிப்படுத்திவிடும். ‘அவர்களிடம் ஏதாவது கேட்டீர்களா, கட்டளை மட்டும் இட்டீர்களா?’ என்று வழிநடத்துநர் கேட்டு, எல்லோரும் யோசித்துப் பதில் சொல்லும்போதுதான் விளையாட்டு படிப்பினையாகிறது.

இஸ்ரேலிய, பாலஸ்தீனப் பதின்வயதினரை ஒன்றுகூட்ட 1993இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ‘சீட்ஸ் ஆஃப் பீஸ்’ முகாமிலும் இதற்குச் சான்று உண்டு. ஒரே அறையில் தங்குவதும் ஒரே மேசையில் உண்பதும் நட்புக்கு வழிவகுத்தன. வழிநடத்துநரோடு நாள்தோறும் கூடிப் பேசிய உரையாடல் குழுவோ, எதிர்த்தரப்பினரோடு நெருக்கம் உண்டாவதில் குறிப்பாக வலுவான பங்கு வகித்தது என்று அங்கு ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். சங்கடமான பேச்சு பிரித்துவிடும் என்று அஞ்சுகிறோம். ஒழுங்காக நடத்தினால் அதுவே சேர்த்துவைக்கிறது.

இளைஞர் பரிமாற்றம் அரசுச் செலவில் உல்லாசப் பயணம் என்பார் சிலர். எராஸ்மஸ் பிளஸ் திட்ட விதிகளே சுற்றுலா, திருவிழா, விடுமுறைப் பயணம் ஆகியவற்றை நிதிக்குத் தகுதியற்றவை என்று ஒதுக்குகின்றன. கற்றலுக்கான நேரம் கரைந்தால்தான் இந்தக் குற்றச்சாட்டு உண்மையாகும். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. ஓய்வு வேண்டும்தான். ஆனால் முழுக்க விட்டுவிட்டால் ஒரே மொழி பேசுபவர்கள் ஒரே மூலையில் கூடிவிடுவது எளிது. ஆங்கிலம் சரளமாக வராதவர் வாய் திறக்காமலே நாளைக் கடத்திவிடலாம். நாலைந்து பேர் கொண்ட கலப்புக் குழு, மொழிபெயர்க்க ஒரு துணை, முதலில் எழுதிவிட்டுப் பிறகு பேசும் முறை என்று திட்டமிட்டால்தான் கூச்சமுள்ளவருக்கும் முறை வரும்.

கனமான எதிர்வாதம் ஒன்றும் இருக்கிறது: சில நாள் கூடிப் பேசினால் அரசியல் மாறுமா? மாறாது. முகாமில் மாறிய மனப்பான்மை வீடு திரும்பிய பின் ஓரளவு மங்குகிறது என்பதும் உண்மை. அதற்காக இதைக் கைவிடத் தேவையில்லை. தொடர்ந்து செய்ய வேண்டும். அப்படித் தொடர்ந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1963 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடனாவரும் இரு நாட்டு நட்புக்கான எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் பிறந்தது. அதன் வழியே இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமானோர் பரிமாற்றங்களில் பங்கேற்றிருக்கிறார்கள். இரு அரசுகளின் நல்லுறவும் இதற்குத் துணைநின்றது என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் அரசுகள் போட்ட கையெழுத்தைக் குடும்பங்களின் பழக்கமாக்கியதில் இந்த இளைஞர்களுக்கும் பங்குண்டு.

எனவே நிதி தருபவர்கள் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன என்று மட்டும் கணக்குக் கேட்பது போதாது. ஒருவரின்றி ஒருவரால் முடிக்க முடியாத வேலை அன்று இருந்ததா, அதைப் பற்றிப் பேசப் போதிய நேரம் தந்தார்களா, அந்தப் பேச்சை நடத்தப் பயிற்சி பெற்றவர் இருந்தாரா என்றும் கேட்க வேண்டும். நேரம் போதாமல் ஏதேனும் ஒன்றை விட நேர்ந்தால் ஊர் சுற்றலை விடலாம். கூடிப் பேசும் நேரத்தை விடக் கூடாது.