பாதிக் கதையில் எழுந்து போனவர்

சென்ற இதழில் பொறுப்பேற்பு பற்றி எழுதிய நிர்வாகப் பயிற்சியாளர், எஸ்.எல்.வி-3ஐத் துணைக்கு இழுத்திருக்கிறார். 1979 ஆகஸ்ட் 10 அன்று ராக்கெட் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்கள் முன்னால் பழியைத் தானே ஏற்றார். ஆகவே குழுவில் ஒருவரும் பதில் சொல்லவில்லை, இந்தத் தாராளம்தான் நம் புராஜெக்ட்களைக் கெடுக்கிறது என்கிறார். மருந்தும் கொடுக்கிறார்: ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு பெயர், அதைச் சுவரில் ஒட்டு, இன்கிரிமென்ட்டில் கை வை.

பத்திரிகையாளர் சந்திப்போடு ஐயா எழுந்து போய்விட்டார் போலும். அதற்குப் பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கலாம் அதை 'அக்னிச் சிறகுகள்' நூலிலேயே எழுதிவைத்திருக்கிறார். புறப்பாட்டுக்கு 8 நிமிடம் முன்பு திறந்த ஒரு சோலினாய்டு வால்வு, அழுக்கு சிக்கியதால் மூடவில்லை. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்கான நைட்ரிக் அமிலம் வழிந்து தீர்ந்தது. காரணம் தெரிந்தாயிற்று, கூட்டத்தில் எல்லோருக்கும் திருப்தி. பேசாமல் இருந்திருந்தால் பழி வால்வோடு போயிருக்கும். கலாம் எழுந்தார். கசிவு தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாமல் விட்டது தன் முடிவு, மிஷன் டைரக்டராகக் கவுன்ட்டவுனை நிறுத்தியிருக்க வேண்டும், வெளிநாட்டில் இந்நேரம் தன் வேலை போயிருக்கும் என்று தவனிடமே சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லையாம்! இதைவிட என்ன பதில் வேண்டும் கட்டுரையாளருக்கு?

தவன் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கட்டுரையாளர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் சுவரில் ஒட்டும் முதல் பெயர் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய மருந்தை நான் குடித்தே பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் திங்கள்தோறும் ஸ்டேட்டஸ் மீட்டிங். தாமதமான வேலை ஷீட்டில் சிவப்பு, பக்கத்தில் பெயர். மூன்றே வாரத்தில் ஷீட் முழுக்கப் பச்சை. மேலாளர் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். டேட்டாபேஸ் பேக்கப் பத்து நாளாக ஓடவில்லை என்பது ஒரு பையனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. போன மாதம் தன் பிழையைத் தானாகவே போய்ச் சொன்ன ஒருவரின் பெயர் இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததே! சர்வர் படுத்த அன்றைக்குத்தான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. மேலே பச்சை, வெட்டினால் சிவப்பு. தர்பூசணி ஷீட் என்று கேன்டீனில் பெயர் வைத்தோம்.

பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் சரிபார்ப்பது, யார் சொன்னால் வேலை நிற்கும் என்பதற்கெல்லாம் தொடங்கும் முன்பே பெயர் எழுதியாக வேண்டும். அதைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரி எழுதவில்லை. அவருக்குப் பெயர் தேவைப்படுவதெல்லாம் கடலில் விழுந்த பிறகுதான்.

1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கத் தவன் தன்னையே அனுப்பியதாகக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.